சுட்டி வாங்குமுன்

கணினி விளையாட்டுக்குச் சுட்டி வாங்கும் மாணவர்களை முதலில் கவர்வது, பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள டிபிஐ எண்தான். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் நாம் அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

நான் பயன்படுத்துவது 2020இல் வெளிவந்த ரேசர் வைப்பர் மினி. கம்பியுள்ள இச்சுட்டியின் எடை 61 கிராம்; உச்ச டிபிஐ 8500. சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் கணினிக்கு எத்தனை அசைவுக் குறிப்புகள் போகும் என்பதே டிபிஐ கணக்கு. 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 8500ஐ வைத்தால், கால் அங்குலம் நகர்த்துவதற்குள் அம்புக்குறி மறுமுனைக்கு ஓடிவிடும், குறிபார்க்கவே இயலாது. 800இல் வைத்தால் 2.4 அங்குலம் கிடைக்கிறது. நான் விளையாடுவது அதில்தான். இந்த அளவை மலிவான சுட்டிகளும் தருகின்றன.

எடையோ ஒவ்வோர் அசைவிலும் தெரியும். கம்பியுள்ள சுட்டிக்கு மின்கலம் தேவையில்லை. அதனால் எடையும் விலையும் குறைகின்றன. ஆனால், கம்பி விறைப்பாக இருந்தால் கையைப் பின்னுக்கு இழுக்கும்.

ஆகவே, கடையில் மூன்றைச் சோதியுங்கள்: கையில் பொருந்துகிறதா, பக்கங்களை அழுத்தினால் கூடு நெளிகிறதா, கம்பி துணிக்கயிறுபோல் வளைகிறதா. மூன்றும் சரியென்றால் விலை குறைந்ததையே தயங்காமல் வாங்கலாம்.