கணினித் திரை வாங்குமுன்: அளவும் தெளிவுத்திறனும்

"கணினியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. பெரிய திரை வாங்கலாமா, 4கே திரை வாங்கினால் சரியாகிவிடுமா?" கண் மருத்துவப் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நாள் முழுவதும் கணினியில் பணியாற்றுவோரும், பார்வை குறைந்த பெற்றோருக்குக் கணினி வாங்கித் தர விரும்பும் பிள்ளைகளும் இதைக் கேட்கின்றனர். இதற்கான விடை, திரையைக் காட்டிலும் அதைப் பார்க்கும் கண்ணையே பெரிதும் பொறுத்தது.

இரண்டும் ஒன்றல்ல

திரையின் அளவு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள நீளம். அது அங்குலத்தில் கூறப்படும். இன்று பரவலாக உள்ள 16:9 வடிவத்தில், 24 அங்குலத் திரை ஏறத்தாழ 53 செ.மீ. அகலமும், 27 அங்குலத் திரை 60 செ.மீ. அகலமும் உடையவை.

ரெசல்யூஷன் எனப்படும் தெளிவுத்திறன், திரையிலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080 பிக்சல்கள் உள்ளன. 4கே திரையில் 3840 × 2160. அதாவது நான்கு மடங்கு.

அளவும் எண்ணிக்கையும் சேர்ந்தே ஒரு பிக்சலின் பருமனைத் தீர்மானிக்கின்றன. 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் அது சுமார் 0.28 மி.மீ.; 27 அங்குல ஃபுல் எச்டியில் 0.31 மி.மீ.; 27 அங்குல 4கே திரையில் 0.16 மி.மீ.

கண்ணின் எல்லை

6/6 பார்வை உடையவரால், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறிய இயலும். 60 செ.மீ. தொலைவில் அது சுமார் 0.17 மி.மீ. ஆகவே 4கே திரையின் நுணுக்கத்தை அவர் உணர்வார்.

6/12 பார்வை உடையவருக்கு இவ்வெல்லை இருமடங்கு, சுமார் 0.35 மி.மீ. 27 அங்குல ஃபுல் எச்டி திரையின் பிக்சலே அதைவிடச் சிறியது. எனவே கூடுதல் பிக்சல்களுக்காகச் செலவிடும் பணத்தின் பயன் அவர் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவருக்குத் தேவை நுணுக்கமான எழுத்தன்று, பெரிய எழுத்து.

உயர்ந்த தெளிவுத்திறனால் எழுத்து சிறுத்துவிடவும் கூடும். 20 பிக்சல் உயரமுள்ள எழுத்து, 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் 5.5 மி.மீ. உயரம் இருக்கும். அதே எழுத்து, உருப்பெருக்கம் செய்யப்படாத 27 அங்குல 4கே திரையில் சுமார் 3 மி.மீ. மட்டுமே. பெரும்பாலான கணினிகள் உருப்பெருக்கத்தைத் தாமாகவே கூட்டிவிடும். ஆனால் பழைய மென்பொருள்கள் சிலவற்றில் எழுத்து சிறிதாகவே நிற்கும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

• முதலில், உள்ள திரையிலேயே காட்சி அமைப்பில் உருப்பெருக்கத்தை 125 அல்லது 150 விழுக்காடாக மாற்றிப் பாருங்கள். இதற்குச் செலவில்லை. பலருக்கு இதுவே போதுமானது.

• கண்ணாடியைச் சரிபாருங்கள். படிக்கும் கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தொலைவுக்கானது, திரையோ 50 முதல் 70 செ.மீ. தொலைவில் இருக்கும். அத்தொலைவுக்கெனத் தனிக் கண்ணாடி தேவைப்படலாம். புரோகிரசிவ் கண்ணாடி அணிவோர் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் கழுத்து வலி குறையும்.

• கடையில் ஓடும் வண்ணப் படத்தைக் கண்டு முடிவெடுக்க வேண்டாம். பயன்படுத்தப் போகிறவரே, தம் கண்ணாடியுடன், வழக்கமான தொலைவில் அமர்ந்து ஒரு தமிழ்ப் பத்தியைப் படிக்கட்டும். மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா, ணகரமும் னகரமும் வேறுபட்டுத் தோன்றுகின்றனவா என்று கேளுங்கள்.

• நல்ல பார்வை உடையவருக்கு 24 அங்குல ஃபுல் எச்டி, அல்லது 2560 × 1440 பிக்சல்கள் கொண்ட 27 அங்குலத் திரை அன்றாடப் பணிக்குப் போதும். பார்வை குறைந்தவருக்கு 27 அங்குல ஃபுல் எச்டி திரையே பெரும்பாலும் பயன்தரும்.

• கண் நீர் அழுத்த நோயாலோ பக்கவாதத்தாலோ பார்வைப் பரப்பு சுருங்கியவர்களுக்கு மிக அகன்ற திரை ஏற்றதன்று. அதன் ஓரங்களில் உள்ளவை அவர்கள் கண்ணில் படாமலே போகலாம்.

திரையால் தீராதவை

புதிய திரை வாங்கிய பின்னும் மங்கல் நீங்காமல், மாதங்கள் கழித்து எங்களிடம் வருவோர் உண்டு. கண்புரையையோ, சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் வீக்கத்தையோ எந்தத் திரையும் குணப்படுத்தாது. கண்புரையால் குறைந்த பார்வையை அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் மீட்கலாம். விழித்திரைப் பாதிப்பில் காலந்தாழ்த்தினால் இழந்த பார்வை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். சர்க்கரை நோய் உடையோர், மங்கல் இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, திரையின் ஒரு பகுதி மறைந்தாற்போல் தோன்றினாலோ, பார்வை திடீரென மங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். திரையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.