கம்ப்யூட்டருக்கும் விலாசம் உண்டு!

தாராவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு கடிதம் போகிறது. உறையின்மேல் 627002 என்று பின்கோடு சரியாக இருந்தால், கடிதம் வழி தவறுவதில்லை.

இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்டு 15-ந்தேதி அமலுக்கு வந்தது. அதில் முதல் மூன்று இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லும். கடைசி மூன்று, அங்குள்ள தபால் ஆபீசைச் சொல்லும். தாராவியின் பின்கோடு 400017. இதில் 400 என்றால் மும்பை. 017 என்றால் தாராவி.

ஆபீசில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கும் இதேபோல் விலாசம் உண்டு. அதற்கு "ஐ.பி. அட்ரஸ்" என்று பெயர்.

நான்கு எண்கள்

இந்த விலாசம் 192.168.1.70 என்பதுபோல நான்கு எண்களாக இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகலாம். அதற்கு மேல் கிடையாது. ஏன்? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டுதான். எட்டு இடங்களில் இவற்றை மாற்றி மாற்றி எழுதினால் 256 விதமாகத்தான் எழுத முடியும்.

நான்கு எண்களில் முன்பகுதி தெரு, பின்பகுதி வீடு. தெரு எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது? பின்கோட்டில் மூன்றாவது இலக்கத்தோடு எல்லை வந்துவிடும். ஐ.பி. விலாசத்தில் அப்படி நிரந்தர எல்லை இல்லை. எல்லையைக் காட்ட இன்னொரு எண் வேண்டும். அதுதான் "சப்நெட் மாஸ்க்".

255.255.255.0 என்பது பல ஆபீஸ்களில் உள்ள மாஸ்க். 255 உள்ள இடங்கள் தெரு. 0 உள்ள இடம் வீடு. ஒரு தெருவில் 256 எண்கள். முதல் எண் தெருவின் பெயர். கடைசி எண் எல்லோருக்கும் பொது அறிவிப்பு. மீதி 254 எண்களைக் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கலாம்.

கடைசி எண் 192 என்று இருந்தால்? 256-ல் 192 போக மீதி 64. அதாவது, 64 எண்கள் கொண்ட நான்கு சிறு தெருக்கள்!

வீணான எண்கள்

1981-ல் வகுத்த விதிப்படி தெருக்கள் மூன்று அளவில்தான் இருந்தன. சிறியதில் 254 கம்ப்யூட்டர்கள்; அடுத்ததில் 65,534; பெரியதில் சுமார் 1 கோடியே 67 லட்சம். 300 கம்ப்யூட்டர் வைத்திருந்த நிறுவனத்துக்குச் சிறியது போதாது. அடுத்த அளவை வாங்கினால் 65 ஆயிரம் எண்கள் வீண்!

வாங்கிய எண்களை உள்ளுக்குள் பல தெருக்களாகப் பிரித்துக்கொள்ள 1985-ல் மாஸ்க் முறை வந்தது. 1993-ல் அந்த மூன்று அளவுகளும் கைவிடப்பட்டன. ஆனாலும் மொத்த எண்களே சுமார் 429 கோடிதான். 2011 பிப்ரவரி 3-ந்தேதி உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது.

192.168 என்று தொடங்கும் எண்கள் ஆபீசுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும். காந்தி தெரு பல ஊர்களில் இருப்பதுபோல, ஒரே எண் பல ஆபீஸ்களில் இருக்கலாம்.

வேலை நிற்பது எங்கே?

அந்தேரியில் ஒரு கிளை ஆபீஸ். சர்ச்கேட்டில் தலைமை ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். கிளையில் குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் 192.168.1.70. சம்பளக் கணக்கு உள்ள தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் 192.168.2.10.

மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால் முதல் மூன்று எண்களும் ஒப்பிடப்படும். ஒன்றில் 1, மற்றதில் 2. "இது வேறு தெரு" என்று தெரிந்துகொண்டு, கம்ப்யூட்டர் தகவலை "ரூட்டர்" என்ற தபால் ஆபீசிடம் ஒப்படைக்கும்.

யாரோ கைதவறி 255.255.0.0 என்று போட்டுவிட்டால்? முதல் இரண்டு எண்களே ஒப்பிடப்படும். இரண்டிலும் 192.168! "நம் தெருதான்" என்று எண்ணி, ரூட்டரிடம் கொடுக்காமல் உள்ளுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். பதில் வராது.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்துப் பிரின்டர் ஓடும். இன்டர்நெட்டும் வரும். சம்பளக் கணக்கு மட்டும் திறக்காது. மாதக் கடைசியில், "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று மேலதிகாரி கேட்டால், பழி குமாஸ்தாவின் தலையில்தான் விழும்.

கண்டுபிடிப்பது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் "கமாண்ட் பிராம்ப்ட்" என்ற கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். ஐ, பி, சி, ஓ, என், எப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியின்றி அடித்து, என்டர் தட்ட வேண்டும். விலாசம், மாஸ்க், ரூட்டரின் எண்ணான "டீபால்ட் கேட்வே" மூன்றும் தெரியும்.

பக்கத்து மேஜையில், ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டரிலும் இதையே செய்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே தெருவில் இருந்தால் மாஸ்க்கும் கேட்வேயும் ஒன்றாக இருக்க வேண்டும். விலாசம் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

வித்தியாசம் இருந்தால், தானே மாற்றாமல் தாளில் குறித்து, கம்ப்யூட்டர் பிரிவினரிடம் கொடுப்பது நல்லது. "கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று சொல்பவரைவிட, "மாஸ்க் மாறியிருக்கிறது" என்று சொல்பவருக்கு வேலை சீக்கிரம் முடியும். பழியும் வராது.