நாய்க்கு வாந்தி, பேதியா? தயிர்சாதம் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"வயிறு சரியில்லை போல, கொஞ்சம் தயிர்சாதம் வச்சா சரியாயிடும்." மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பல நேரம் சரியாகிவிடும். சரியாகாத நேரத்தில், காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

வயிறு ஏன் கெடுகிறது?

பெரும்பாலும் நாம் போடும் சாப்பாடுதான் காரணம். உணவைத் திடீரென மாற்றுவது, எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி மிச்சம் எல்லாமே வயிற்றைக் கலக்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தலாம்.

தயிர்சாதத்தில் என்ன சிக்கல்?

அதில் சேர்ப்பதுதான் சிக்கல். தயிர்சாதத்தில் போடும் திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை இரண்டுமே நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட்டும் விஷம்தான்.

குட்டியாக இருந்தால்?

முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ வைரஸ். 1978-ல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், குடலைத் தாக்கி ரத்தப் பேதியை உண்டாக்கும். உடம்பில் நீர் வற்றி, ஓரிரு நாளிலேயே குட்டி இறந்துபோகலாம். "எங்க குட்டி வெளியவே போகலையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும் வைரஸ், நம் செருப்பில் ஒட்டியே வீட்டுக்குள் வந்துவிடும்.

6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் வரை 3-4 வார இடைவெளியில் போட வேண்டும். ஒரு ஊசி மட்டும் போதாது. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பு சக்தி, முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

* குட்டிக்கு வாந்தி, பேதி இருந்தால்
* ரத்தம் தெரிந்தால், ஈறு வெளுத்தால்
* தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால்
* வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால். இது இரைப்பை முறுக்கிக்கொண்டதன் அறிகுறி. ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும்.

பக்கத்து கிளினிக் மூடியிருந்தால், வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதையும் இப்பவே விசாரித்து, நம்பரை போனில் போட்டு வையுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால், தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழைந்த சாதத்தில் உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியைப் பிசைந்து வைக்கலாம். ஒரு நாளில் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் என நம்ம மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. பேதியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால், டாக்டருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.