வாடியும் வாடிவீடும்

குடும்பத்துடன் கரையோரக் கிராமங்களைக் காணப் புறப்படுவோனுக்கு எதைப் பார்ப்பது என்ற கவலை பெரிதன்று. எங்கே தங்குவது என்ற கவலையே பெரிது. தனியாளாயின் கோயில் மண்டபமோ பள்ளிக்கூட விறாந்தையோ போதும். மனைவியும் மக்களும் முதிய தாயும் உடன்வரின் நல்ல தண்ணீர் வேண்டும். கதவுள்ள குளியலறை வேண்டும். இரவிற் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஓடுவதற்கு ஒரு வைத்தியசாலை அண்மையில் வேண்டும். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முசலிப் பகுதியின் கடலோரத்தில் உள்ள கொண்டச்சிக்குப் போக எண்ணுவோர் இதனைச் சற்று ஆறுதலாகவே ஆராய வேண்டும். அவ்வூரின் வரலாற்றிற் பாதி, அங்கே வந்து தங்கியவர்களின் வரலாறாகவே இருக்கிறது. எவர் எங்கே படுத்தார் என்று கேட்டுக்கொண்டு போனால் மற்றவை தாமே விளங்கும்.

ஈழத்துத் தமிழில் தங்குமிடத்துக்கு இரண்டு சொற்கள் உள. ஒன்று வாடி, மற்றது வாடிவீடு. மீன்பருவத்தில் ஊர்விட்டு ஊர் வரும் கடற்றொழிலாளர் கரையிலே கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து போட்டுக்கொள்ளும் கொட்டில் வாடி. பருவம் முடிந்தால் அது பிரிக்கப்படும், அன்றேல் காற்றே பிரித்துவிடும். அரசினர் உத்தியோகத்தர் சுற்றுப்பயணத்திலே தங்கிச் செல்வதற்கெனப் பெருந்தெருக்களில் அமைக்கப்பட்ட விடுதி வாடிவீடு. அதற்குச் சுவரும் ஓடும் நுளம்புவலையும் சமையற்காரனும் உண்டு. பெயர் ஒன்றாயினும் குலம் வேறு. இவ்விரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்து நின்ற இடமாகக் கொண்டச்சிக் கரையைச் சொல்லலாம்.

மன்னார்க் குடாவில், கரையிலிருந்து பல மைல் தூரத்தில், 'பார்' எனப்படும் முத்துப் படுக்கைகள் கிடக்கின்றன. முத்துக் குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். கொண்டச்சிக்கு வடக்கே அடுத்துள்ள சிலாவத்துறை அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது என்பர். 1796 இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், உடனடியாகக் கண் வைத்தவற்றுள் இச்சலாபமும் ஒன்று. அக்காலத்துக் கொண்டச்சியை நேரிற் கண்டு எழுதியவர் இருவர்: படைத்தலைவர் றொபேட் பேர்சிவல் (அவர் நூல் 1803 இல் வெளிவந்தது), பாதிரியார் ஜேம்ஸ் கோடினர் (அவர் நூல் 1807 இல்). ஆண்டில் ஏறக்குறைய பத்து மாதங்கள் மணலும் சில குடிசைகளுமாய்க் கிடக்கும் இடம், மாசி பங்குனியில் ஒரு நகரமாய் எழுந்துவிடும் காட்சி இருவரையும் வியப்பில் ஆழ்த்தியிருக்கிறது. கம்புகளை நட்டு, மூங்கிற் கீற்றுகளை இடையிட்டு, தென்னோலையால் மூடினால் ஒரு வீடு. அவ்வாறு ஆயிரக்கணக்கில் வீடுகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கடை. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்கள், காரைக்காலிலிருந்தும் நாகபட்டினத்திலிருந்தும் தோணிகள், தொலைதேசங்களிலிருந்து முத்து வணிகர், அவர்களை நம்பி வந்த சோற்றுக் கடைக்காரர், செப்படி வித்தைக்காரர், திருடர்.

குளியாட்களுக்கோ அந்த வாடியிலே முழு உறக்கம் வாய்த்ததில்லை. நள்ளிரவுக்கு முன்னரே கரையிலிருந்து வெடி தீரும். கரைக்காற்றிற் பாய் விரித்துப் புறப்பட்ட தோணிகள் விடியற்காலையிற் பாரை அடையும். ஒரு தோணியிற் பத்துக் குளியாட்கள். ஐவர் மூழ்க ஐவர் இளைப்பாறுவர். காலிற் கல்லைப் பிணைத்து இறங்குவான் ஒருவன். கயிற்றைப் பிடித்து மேலே நிற்பான் மற்றொருவன். கீழிருப்பவனின் மூச்சு மேலிருப்பவன் கையிலே. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் 'கடல்கட்டி' கரையில் நின்று மந்திரம் செபிப்பான். அவனில்லாமற் கடலில் இறங்கக் குளியாட்கள் மறுத்தமையால் அரசினரே அவனுக்குச் சம்பளம் கொடுத்தனர். நண்பகலிற் கடற்காற்று எழ, தோணிகள் திரும்பும். சிப்பிகள் குவிக்கப்படும், அழுகவிடப்படும், புழு தின்று தீர்த்தபின் கழுவி முத்துத் தேடப்படும். இலட்சக்கணக்கான சிப்பிகள் வெயிலில் அழுகும் நாற்றத்தின் நடுவே சமைத்து, உண்டு, படுத்து எழுந்தவர்களைத்தான் நாம் இன்று 'முத்துக் குளித்தவர்கள்' என்று அழகாகச் சொல்லிவிடுகிறோம்.

அந்நாற்றம் எட்டாத தூரத்தில் மற்றவர் தங்கினார். ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், சலாபத்தை மேற்பார்வை செய்யும் காலத்தில் தாம் தங்குவதற்கெனக் கொண்டச்சிக்கு வடக்கே அரிப்பின் கடலோர மேட்டில் ஒரு மாளிகை எழுப்பினார். 1801 இல் தொடங்கி 1804 அளவில் அது நிறைவெய்தியது. அமைப்பை வரைந்தவரும் அவரே. பண்டைக் கிரேக்கரின் டொறிக் முறைத் தூண்களை அது உடையதாதலின் 'டொறிக்' என்றே அதற்குப் பெயராயிற்று. செங்கல்லின்மேல் பூசிய சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டு எடுத்தது என்கிறார் கோடினர். இலங்கையிலுள்ள கட்டடங்களுள் அழகிற் சிறந்தது இதுவே என்பதும் அவர் தீர்ப்பு. சிப்பி அழுகிய நாற்றத்தைக் குளியாட்களுக்கு விட்டு, அதன் ஓட்டின் வெண்மையை மாத்திரம் எடுத்துக்கொண்ட மாளிகை அது!

ஆனால் நோர்த் 1805 இலேயே இலங்கையை விட்டுச் சென்றார். முத்துச் சிப்பியோ அரசாங்கக் கட்டளைக்கு விளைவதில்லை. சில ஆண்டுகள் பெருகும். பல ஆண்டுகள் அடியோடு மறையும். 1837 க்குப் பின் ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. 1891 க்கும் 1903 க்கும் இடையிலும் அவ்வாறே. வராத விருந்துக்குக் கட்டிய வீடாக டொறிக் கடலைப் பார்த்து நின்றது. வாடிக்கு இத்தொல்லை இல்லை. சிப்பி உள்ள ஆண்டில், சிப்பி உள்ள இடத்துக்கு நேரே அது எழும். இல்லாத ஆண்டில் ஓலையும் இல்லை, செலவும் இல்லை. 1905 இற் பெருஞ் சலாபம் நடந்தபோது அந்த ஓலை நகரம் கொண்டச்சியிலுமன்றி அரிப்பிலுமன்றித் தெற்கே மறிச்சுக்கட்டியில் எழுந்தது. அவ்வாண்டில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கு மேல். மறு ஆண்டில் அதே இடத்துக்குக் கடமையின் நிமித்தம் அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர் ஒருவர், பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப். சிப்பிக் குவியலை மூன்று பங்காக்கி இரண்டை அரசினர்க்கும் ஒன்றைக் குளியாட்களுக்கும் பிரிக்கும் 'கொட்டு' என்னும் அடைப்புக்குள்ளே அவர் நாட்கள் கழிந்தன. டொறிக்கின் மேல்மாடியிலிருந்து பார்க்க இயலாதவற்றை அங்கே பார்த்தார். 1921 இல் அவர் வெளியிட்ட கதையொன்று அக்கொட்டின் நாற்றத்தையும் அதிகாரத்தின் வெறுமையையும் ஒன்றாகக் காட்டுகிறது. 1906 இற் பாரைக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கம்பெனி சில ஆண்டுகளில் முறிந்தது. 1925 இற் சிறு அளவில் நடந்ததோடு சலாபத்தின் கதை முடிந்தது.

மாளிகையைக் கடல் அரித்தது. மேடு இடிய இடியச் சுவர்களும் இடிந்தன. இன்று காண்பன சில தூண்களும் சுவர்த் துண்டங்களுமே. ஊரார் அதனை நோர்த் துரையின் மாளிகை என்று சொல்வதில்லை. 'அல்லிராணி கோட்டை' என்கின்றனர். ஆண்களை அடக்கி ஆண்டதாகக் கதைகள் புகழும் அந்த அரசிக்கு, தேசாதிபதியின் வீட்டை எடுத்துக் கொடுத்துவிட்ட மக்களின் துணிச்சல் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அரிப்பிலே இன்னொரு விருந்தாளியும் தங்கியதுண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறையப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், அநுராதபுரத்தைக் கடந்து அருவியாற்றின் கரை வழியே காட்டினூடாக நடந்து, 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. தங்குமிடத்தை அவ்வளவு நன்றியோடு பார்த்த கண்கள் இக்கரையில் வேறு இருந்திரா.

இருந்திரா என்று சொன்னதும் நா தடைப்படுகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்குக் குறையாதோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கொண்டச்சியும் சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் வெறுமையாயின. பெரும்பாலோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் போய்ச் சேர்ந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஓலைக் கொட்டில், அதாவது வாடி. ஒரு பருவத்துக்கென்று போட்டது பத்தொன்பது பருவங்களுக்கும் மேலாக நீண்டது. 2007 இல் முசலியில் நடந்த போரின்போது அங்கு எஞ்சியிருந்த தமிழ்க் கத்தோலிக்க மக்களும் ஊரைவிட்டு அகன்றனர். 2009 இற் போர் முடிந்தபின் மீண்டவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும், முற்றத்தில் முளைத்த காட்டையுமே. ஆகவே இன்று கொண்டச்சித் தெருவில் நாம் காணும் புதிய கல்வீடு ஒவ்வொன்றும், எங்கே தங்குவது என்ற வினாவுக்கு ஒரு குடும்பம் இருபது ஆண்டு காத்திருந்து எழுதிய விடை.

இதனை மனத்திற் கொண்டே நம் குடும்பப் பயணத்துக்கு வருவோம். கைக்குழந்தையோ நோயாளியோ முதியவரோ உடன்வருவாராயின், மன்னார் நகரிலே தங்குவதே தக்கது என்பது நமது எண்ணம். விடுதிகளும் பெரிய வைத்தியசாலையும் அங்கே உள்ளன. கொழும்பிலிருந்து புகைவண்டியும் வருகிறது. ஒல்லாந்தர் திருத்திய கோட்டையையும் பெருக்க மரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, காலையில் வாகனத்திற் புறப்பட்டால் வங்காலைக் கடல்நீரேரியில் நீர்ப்பறவைகளைப் பார்த்து, அருவியாற்றுப் பாலம் கடந்து, அரிப்பையும் சிலாவத்துறையையும் கொண்டச்சியையும் கண்டு மாலையில் மீளலாம். தலைமன்னார் சென்று தங்குவோரும் உளர்; கடல் அழகியதே. ஆயினும் தீவின் நீளம் முழுவதும் கடந்து வரவேண்டியிருத்தலால் முசலிக்கு அது தொலைவு.

கிராமத்திலேயே ஓர் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை உடையோர் உண்டு. அவ்வாசையைக் குறை கூறோம். ஆனால் முன்பின் அறியாத வீட்டின் படலையைத் தட்டி, அறை உண்டா என்று கேட்பது அழகன்று. மன்னார் மக்கள் இல்லை என்று சொல்லக் கூசுவார்கள். தம் பிள்ளைகளை விறாந்தையிற் படுக்கவிட்டு உள்ளறையை நமக்கு ஒழித்துத் தருவார்கள். காசு நீட்டினால் முகம் சுளிப்பார்கள். அங்கே ஆசிரியராயுள்ள நண்பரோ, உறவினரோ, பள்ளிவாசல் அல்லது கோயிற் பெரியவர்களை அறிந்தவரோ முன்னதாகச் சொல்லி ஒழுங்கு செய்தால் அது வேறு. அப்படித் தங்குவோர் அரிசி, தேயிலை, சீனி முதலியவற்றை வீட்டுக்காரிக்குக் கையுறையாகக் கொண்டு செல்வது முறை. கொண்டச்சியில் வெள்ளி நண்பகல் தொழுகைக்கு உரியது; அரிப்பில் ஞாயிறு காலை பூசைக்கு உரியது. அந்நேரங்களில் வழிகாட்டக் கேட்டு எவரையும் இழுத்தல் கூடாது.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். கொண்டச்சியின் தண்ணீர் உவர் என்பதைப் பேர்சிவல் காலத்திலேயே எழுதிவைத்தனர். எங்கே தங்கினும் குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்லுதல் வேண்டும்; அதைவிட, கிணற்று நீரைக் குளிப்புக்கு அள்ளும்போது கணக்காக அள்ளுதல் வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புறப்படும் முன்னரே சொல்லிவைத்தால் நல்லது.

காலம், மாசி முதற் சித்திரை வரை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசிக்குப் பின் தென்மேல் காற்று கடலைக் கலக்கி மணலை முகத்தில் அறையும். இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியிலேதான் முன்னாளிற் குளியாட்களும் வந்தார்கள். தெற்கே புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டினூடாக வரும் பழைய வழியை நம்பிப் புறப்படாமல், மதவாச்சி வழியாக வருதல் நன்று.

டொறிக்கை மாலையிற் பார்க்க வேண்டும். மேற்கு வெயில் தூண்களின் மேல் விழும்போது சிப்பிச் சுண்ணாம்பு இன்னும் மின்னுகிறது. மேட்டின் விளிம்பு கீழே குடையப்பட்டிருப்பதாற் பிள்ளைகளைக் கைவிடாமற் பிடித்துக்கொள்ள வேண்டும்; ஏறி நின்று படம் எடுக்க இடங்கொடுத்தல் ஆகாது. இருட்டு முன்னரே புறப்பட்டுவிடலாம். மன்னார்த் தெருவில் இரவிலே மாடுகள் படுத்துக் கிடக்கும்.