நம்ம ஊர் வண்டி!

சங்கத்துக்கு வரும்போதெல்லாம் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: “என்ன சார், காரைக் காணோம்? பஸ்ஸில் வந்திருக்கிறீர்களே!” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எனவே ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புனேவுக்கு வந்த நாளிலிருந்து ஸ்கூட்டரிலேயே காலத்தை ஓட்டிவிட்டவன் நான். 2024-இல் கும்பகோணத்திலிருந்து அம்மா எங்களோடு வந்து தங்கினார். வயது 79. முழங்கால் வலியால் ஆட்டோவில் ஏறி இறங்கவே சிரமம். சரி, பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வியாபாரியின் இடத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றன. அவற்றுள் ஒன்றில் டி.என். என்று தொடங்கும் சென்னைப் பதிவெண். பார்த்ததுமே என் மனைவி, “ஏங்க, நம்ம ஊர் வண்டிங்க!” என்றாள். அவ்வளவுதான், மற்ற வண்டிகள் என் கண்ணிலேயே படவில்லை. மாட்டை வாங்கினால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். நான் நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்தேன்.

விலை 4,60,000 ரூபாய். கையிலிருந்து 1,10,000 கொடுத்தேன். மீதி மூன்றரை லட்சத்துக்கு வியாபாரியே ஒரு நிதி நிறுவனத்தில் கடன் ஏற்பாடு செய்தார். வட்டி 14 சதவீதம், 48 மாதம், மாதத் தவணை 9,564 ரூபாய். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், வண்டியைப் பற்றி வாட்ஸ்அப்பில் விசாரித்ததுதான். “ஒரே ஓனர், விபத்து இல்லை, தண்ணீர் ஏறாத வண்டி” என்று பதில் வந்தது. அதை அழிக்காமல் வைத்திருந்தேன்.

ஜூன் மாதம் வண்டி வந்தது. ஜூலையில் மழையும் வந்தது. முதலில் கண்ணாடி ஏற மறுத்தது. பிறகு டாஷ்போர்டில் விளக்குகள் தாமாக எரிந்தன. ஒரு நாள் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, கொட்டும் மழையில் பழைய மும்பை நெடுஞ்சாலையின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்காகவாடா இதை வாங்கினே?” என்று கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் ரிப்பேருக்கு 22,000 ரூபாய் கரைந்தது. கடைசியில் ஒரு மராட்டிய மெக்கானிக் சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துக் காட்டினார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை! தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த களிமண். ஸ்டெப்னி வைக்கும் குழியெங்கும் துரு. “சாஹேப், இது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி” என்றார்.

கம்பெனியின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்ததே, அப்போது டாஷ்போர்டு வரை தண்ணீர் ஏறி, கட்டி இழுத்து வரப்பட்ட வண்டி அது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம்! அந்தக் காகிதம் முதல் நாளிலிருந்தே என் பீரோவில்தான் இருந்தது.

வியாபாரி கையை விரித்தார். “பழைய வண்டி, இருந்த நிலையில் வாங்கினீர்கள்” என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் செய்த காரியம், அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தவணை கட்டாமல் விட்டதுதான். ஓட்டை வண்டிக்கு எதற்குப் பணம் என்ற கோபம்.

அதன் பலன் டிசம்பரில் தெரிந்தது. மகளின் மேற்படிப்புக் கடனுக்கு நான் இணை விண்ணப்பதாரர். வங்கியில் என் சிபில் அறிக்கையைப் பார்த்தவர்கள், நிலுவையைத் தீர்த்துவிட்டு வரும்படி சொல்லிவிட்டார்கள். மகள் ஒன்றும் பேசவில்லை. மனைவி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து நிலுவையையும் முதல் பருவக் கட்டணத்தையும் கட்டினேன்.

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் கேரம் ஆட வரும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர்தான் வழி காட்டினார். “தம்பி, வண்டி விற்றவர் வேறு, கடன் கொடுத்தவர் வேறு. சண்டை முடியும்வரை தவணையை நிறுத்தாதே. நிறுத்தினால் நியாயம் உன் பக்கம் இருந்தும் குற்றவாளி நீதான்” என்றார்.

அவர் சொன்னபடி முதலில் வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. 2025 ஜனவரியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். நிதி நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் அச்சட்டப்படி சேவைக் குறைபாடுதான்.

வாட்ஸ்அப் பதிலும் சர்வீஸ் பதிவும் அருகருகே வைக்கப்பட்டபோது வியாபாரியின் குரல் தணிந்தது. ஆணையத்தின் வழியாகவே சமரசப் பேச்சு நடந்தது. 2025 ஆகஸ்டில் முடிவாயிற்று. வண்டியை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு, கடன் பாக்கி சுமார் 2,67,000 ரூபாயை நேராக நிதி நிறுவனத்துக்குக் கட்டுவது. என் முன்பணம் 1,10,000 ரூபாயைத் திருப்பித் தருவது. நான் கட்டிய 14 தவணைகளும் (1,33,896 ரூபாய்) ரிப்பேர் செலவும் போனது போனதுதான்.

“விடாமல் வழக்காடியிருக்கலாமே” என்றார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் தீர்ப்பு வந்தால் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. சமரச உத்தரவுக்கு அது கிடையாது. அடகிலிருந்த வளையல் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது.

கடன் முடிந்ததும் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யிலிருந்து அதன் பெயரை நீக்கச் செய்தேன். வண்டி என் பெயரிலிருந்து மாறியதையும் உறுதி செய்துகொண்டேன். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது.

பழைய வண்டி வாங்கப் போகும் அன்பர்களே, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சர்வீஸ் பதிவையும் பழைய பாலிசியையும் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வியாபாரி சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

வளையல்களை மீட்டாகிவிட்டது. அம்மாவை டாக்டரிடம் வாடகைக் காரில்தான் அழைத்துப் போகிறேன். ஏறும்போதெல்லாம் அம்மா கேட்கிறார்: “இது எந்த ஊர் வண்டிடா?”

“எந்த ஊராக இருந்தால் என்ன அம்மா, ஓடுகிற வண்டி!” என்கிறேன்.