'எஸ்கேப்': ஒரு சொல், பல பொருள்

'எஸ்கேப்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தப்பியோடுதல் என்ற ஒரே பொருளில்தான் நாம் பெரும்பாலும் வழங்குகிறோம். அதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'காப்பா' என்றால் மேலங்கி. பிடிக்க வந்தவன் கையில் அங்கியை மட்டும் விட்டுவிட்டு நழுவுவதே பழம்பொருள்.

மனிதன் மட்டுமா நழுவுகிறான்? தெரிந்த பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் ஆங்கிலத்தில் அது 'எஸ்கேப்'தான். தரையிலிருந்து ஏவிய பொருள் பூமியின் ஈர்ப்பை விட்டு நீங்க, வினாடிக்குச் சுமார் 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதுவும் 'எஸ்கேப்' வேகமே.

உயிர் காக்கும் பொருள்கள் இரண்டு. 'கேஸ் எஸ்கேப்' என்றால் எரிவாயுக் கசிவு. அப்போது விளக்கு விசையைத் தொடாமல், தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். 'ஃபயர் எஸ்கேப்' என்றால் தீ நேரத்தில் இறங்கும் வழி. லயத்தில் கதவைத் திறந்தால் வாசல். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன நமக்கு, தீப்பிடித்தால் மின்தூக்கி உதவாது. அந்தப் படிக்கட்டே வாசல். அங்கே பழைய சைக்கிளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அடுக்கலாமா? இன்றே பிள்ளைகளுடன் ஒருமுறை அதில் இறங்கிப் பார்ப்போம்.