கொல்லிப்பாவையும் குறும்படத் திகிலும்

கொல்லிப்பாவை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் காவல் தெய்வம். மலையில் தவம் செய்த முனிவர்களை அரக்கர்கள் அலைக்கழித்தார்கள் என்றும், அவர்களை ஒழிக்க அழகிய பெண்ணுருவில் ஒரு பாவை நிறுத்தப்பட்டது என்றும் வழிவழியாகக் கதை சொல்வார்கள். அரக்கன் வரும் அரவம் கேட்டால் பாவை சிரிக்கும். அதில் மயங்கிக் கிட்டே போனவனுக்கு உயிர் மிஞ்சாது. பாவை யாரையும் துரத்துவதில்லை. சாகிறவன் தானாகவே நடந்து போகிறான். உளவியல் திகில் என்று திரையுலகம் தனியே பிரித்துச் சொல்லும் வகைக்கு வேர் இங்கே இருக்கிறது. பேய்ப்படத்தில் ஆபத்து வெளியிலிருந்து வரும். இந்த வகையிலோ தனித்துக் கிடப்பவனின் ஆசையே அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சங்கப் பாடல்களில் இந்தப் பாவை அவ்வளவு கொடியவள் அல்லள். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு மூன்றிலும் அவள் தலைவியின் அழகுக்கு உவமையாகவே வருகிறாள். நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எது வந்தாலும் உருக்குலையாத பாவையைப் போல, தலைவி தன் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறாள் என்று தலைவன் தோழனிடம் சொல்கிறான். கொலை செய்யும் சிரிப்பு இந்தப் பாட்டில் இல்லை. ஆனால், ஒருவன் மனத்துக்குள் புகுந்துவிட்ட உருவம் அவனை விடாது என்ற செய்தி அப்போதே இருந்திருக்கிறது. திகில் கதைக்கு அதுவே போதும்.

இடமும் கதைக்குத் தோதானது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் மலை. மேலே ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என 14 நாடுகள். ஒவ்வொன்றும் இன்று ஓர் ஊராட்சி. மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் வயல்களுக்கும் மிளகு, காப்பித் தோட்டங்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. பனி இறங்கினால் பக்கத்து மேடு மறைந்துபோகும். ஒரு நடிகர், ஒரு வீடு, கண்ணை மறைக்கும் பனி: கையில் காசில்லாத இயக்குநருக்கு இவை பெரிய மூலதனம்.

செலவில்லாமல் இந்த வகையைச் செய்து காட்டிய பழைய உதாரணம் மாயா டெரனின் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ (1943). கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸில் தங்கள் வீட்டிலேயே எடுத்தார். சுமார் 14 நிமிடப் படம், வசனம் கிடையாது. சாவி, கத்தி, கண்ணாடி முகம் கொண்ட கறுப்பு உருவம் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் பார்ப்பவரின் நிம்மதி கொஞ்சம் குறைகிறது. குறும்படத்தின் பலம் இதுதான். நீளப்படம் கடைசியில் காரணம் சொல்லியாக வேண்டும். குறும்படம் சொல்லாமலே முடிந்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தனிமையும் மோகமும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை ராபர்ட் எக்கர்ஸின் ‘தி லைட்ஹவுஸ்’ (2019) கலங்கரை விளக்கக் காவலர்கள் இருவரையும் ஒரு கடற்கன்னியையும் வைத்துச் சொன்னது. ஆனால் கொல்லிப்பாவைக்கு நெருங்கிய உறவு பக்கத்திலேயே, மலையாளத்தில் இருக்கிறது. மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவலை வைத்து கே.எஸ்.சேதுமாதவன் இயக்கிய ‘யட்சி’ (1968) படத்தில், ஆய்வுக்கூட விபத்தில் முகம் வெந்துபோன விரிவுரையாளராக சத்யன் நடித்தார். எல்லோரும் முகம் திருப்பிக்கொள்ளும்போது ஓர் அழகி அவரை ஏற்கிறாள். இப்படிப்பட்டவள் மனுஷியாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் அவரைத் தின்கிறது. யட்சி உண்டா இல்லையா என்பதைவிட, தன்னை ஒருத்தி விரும்புவாள் என்று நம்ப முடியாத மனம்தான் அங்கே பயங்கரம்.

தமிழில் குறும்படத்துக்குப் பெரிய மேடை கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியால் அமைந்தது. அதிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான ‘பீட்சா’வின் (2012) பெரும்பகுதி, இருண்ட பங்களாவில் தனியே மாட்டிக்கொண்ட ஒருவனின் தவிப்பு.

கொல்லிமலையில் கேமரா வைக்க நினைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. பாவை அங்கே பழங்கதை மட்டுமல்ல. எட்டுக்கை அம்மனாக அவளுக்குக் கோயில் உண்டு. வேண்டுதலோடு வருகிற மக்களும் உண்டு. வெறும் மோகினிப் பேயாக அவளைக் காட்டும் படம் மலை மக்களைப் புண்படுத்துவதோடு, காவலுக்கு நின்றவள் என்ற கதையின் பாதியையும் தொலைத்துவிடும்.